ஒறம்பரைக்கு எடுத்து வைத்த பாட்டில்

— இருங்க அக்கா, காபி அப்பறம். மொதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. தெனமும் காலையில டெஸ்ட்டுக்குன்னு எனக்கு ஒரு பாட்டில் குடுக்கறீங்களே, ஃபிலிம் கழுவற அந்த ஃபிக்ஸரை எதுல இருந்து எடுக்கறீங்க?

— ஏனுங்க கிளமென்ட் சார், வந்ததும் வராததுமா இதென்ன கேள்வி? ஃபிக்ஸர்ங்கற அந்த ஹைப்போ எங்கிருந்து வரும்? என்ற இருட்டு ரூமுக்குள்ள இருந்துதான் வரும். குடிங்க சார், சுக்குக் காபி ஆறுது. இன்னைக்கு மொளகு தூக்கலாப் போட்டிருக்கறேன்.

— ரூமுக்குள்ள எங்க இருந்து?

— அலமாரியில இருந்துங்க.

— டேங்க்ல இருந்து இல்லையா?

— சேச்சே! டேங்க்ல இருந்து மோந்தா உங்களுக்குக் குடுப்பேன்? நாள் பூராவும் ஃபிலிமை முக்கி முக்கி எடுத்து அது கலங்கிப் போய்க் கெடக்குதுங்க. உங்களுக்குன்னு நல்ல பாட்டில் தனியா இருக்குது. மருந்து புதுசாக் கலக்கறப்பவே, ஒரு ஃபிலிம்கூட படறதுக்கு முந்தி, நாலு பாட்டில் எடுத்து இறுக்கி மூடி வெச்சுப்போடுவேன். செவ்வந்தியா கொக்கா!

— கர்த்தாவே!

— என்னங்க சார், மூஞ்சி இப்படிச் சுண்டிப் போச்சு?

— எத்தனை நாளா இப்படிக் குடுக்கறீங்க?

— நீங்க வேலைக்கு வந்த மொத நாள்ல இருந்துங்க. ஆறு மாசம் இருக்கும்.

— அக்கா, ஆறு மாசமா நான் அந்த ரெஜிஸ்டர்ல ‘ஃபிக்ஸர் நல்லா இருக்கு’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு இருக்கேன்.

— நல்லாத்தானுங்களே இருந்துச்சு? நானென்ன பொய்யா சொல்றேன்?

— இங்க வாங்க. இந்த விளக்குக்கு முன்னால நின்னு பாருங்க. போன வாரம் நீங்க கழுவுன எக்ஸ்ரே ஃபிலிம், நம்ம ஃபவுண்டரியில வார்த்த பதினேழாம் நம்பர் வால்வு. ஓரத்துல என்ன தெரியுது?

— லேசாப் பால் தெளிச்சாப்ல... அய்யய்யோ, இது ஆகாதுங்களே! ஹைப்போல ஒழுங்கா நின்னிருந்தா கண்ணாடியாட்டத் தெளிஞ்சிருக்கோணுமே!

— அதேதான். எனக்கும் சந்தேகம் வந்துச்சு, ஓரத்துல ஒரு சொட்டு சல்ஃபைடு விட்டேன். அந்தப் பழுப்பு வட்டம் தெரியுதா? கரைஞ்சு போகவேண்டிய வெள்ளி இன்னும் ஃபிலிம்லயே தங்கியிருக்குன்னு அர்த்தம். டேங்க்ல இருக்கற ஃபிக்ஸருக்கு அதைக் கரைக்கற தெம்பு இல்ல. இப்படியே விட்டா நாளாக நாளாகப் படமே பழுத்துப்போயிரும். வால்வுக்குள்ள விரிசல் இருந்துச்சா இல்லையான்னு அஞ்சு வருசம் கழிச்சு எவனாவது கேட்டா, காட்டறதுக்கு ஒண்ணுமே இருக்காது.

— எத்தனை ஃபிலிமுங்க இப்படி?

— இந்த எக்ஸ்போர்ட் ஆர்டர்ல எடுத்த அத்தனையும். நாப்பத்தெட்டு. பத்துல சொட்டு விட்டுப் பாத்துட்டேன், பத்துலயும் வட்டம் விழுகுது.

— மாசாணியாத்தா!

— ஊரே கம்ப்யூட்டர்ல எக்ஸ்ரே பாக்குது, இந்த ஆர்டர் குடுத்த கம்பெனிக்காரங்க மட்டும் ஃபிலிம்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. அவங்க அனுப்பற இன்ஸ்பெக்டர் பன்னெண்டரைக்கு ஏர்போர்ட்ல எறங்கறார். ஒண்ணரைக்கு இங்க இருப்பார். அவரே சொட்டு விட்டுப் பாப்பாருங்க அக்கா, நாம சொல்றதைக் கேட்டுட்டுப் போற ஆள் இல்ல.

— கறை விழுந்தா?

— ஆர்டர் நின்னுபோயிரும். வால்வெல்லாம் மறுபடி எக்ஸ்ரே எடுக்கோணும். கப்பல் போயிரும். என் ஆறு மாசம் இன்னையோட முடியுது. பெர்மனென்ட் லெட்டர் மேனேஜர் தேவானந்தம் சார் மேசை மேல இருக்கு. அதை அவர் கிழிச்சுப் போட்டாலும் போட்டுருவார்.

— லெட்டர் வந்தாத்தான ஃபெமினா பொண்ணு ஊட்டுல ஓலை படிக்க ஒத்துக்குவோம்னாங்க?

— ஆமா. வர்ற ஞாயித்துக்கிழமை போத்தனூர் சர்ச்சுல மொத ஓலை. ‘கிளமென்ட்டுக்கும் ஃபெமினாவுக்கும் திருமணம், யாருக்காவது ஆட்சேபணை இருக்கா’ன்னு சாமியார் கேப்பார். நாப்பத்தெட்டு ஃபிலிம் எந்திரிச்சு நின்னு கையைத் தூக்கும் போல இருக்கு.

— சாபம் உட்டாப்ல பேசாதீங்க சார்.

— சரி, ஏன் அப்படிப் பண்ணீங்க? எனக்குக் கோபமெல்லாம் இல்ல. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.

— கோவமில்லைன்னு சொல்றவிய மூக்கு நுனி இப்படிச் செவக்குமுங்களா? சொல்றேன் கேளுங்க. மொத நாள் வந்து நீங்க கதவுகிட்ட நின்னு என்ன கேட்டீங்க? ‘அக்கா, ஃபிக்ஸர் கொஞ்சம் குடுங்க, எப்படி இருக்குன்னு பாக்கோணும்’னீங்க. வாசலுக்கு ஒறம்பரை வந்து தண்ணி கேட்டா, மாட்டுத் தொட்டியில மோந்தா குடுக்கறோம்? பொண்ணு பாக்க வர்றாங்கன்னா பொண்ணுக்கு நல்ல சீலை கட்டி உக்கார வெப்பமா, சாணி வழிச்ச சீலையோட நிக்க வெப்பமா?

— அக்கா, நான் பொண்ணு பாக்க வர்ல! அழுக்கைப் பாக்கத்தான் வர்றேன். அழுக்கு எவ்வளவு சேந்திருக்குன்னு பாக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்!

— அது எனக்கு எப்படித் தெரியுமுங்க? கடைக்காரன் நல்ல மருந்து குடுத்தானா, ஏமாத்திப்போட்டானான்னு பாக்கறீங்கன்னுதான் நெனச்சேன்.

— ஆறு மாசமா ஒரே மாதிரி ரிசல்ட் வருதேன்னு எனக்கும் உறைக்கல பாருங்க. ‘செவ்வந்தி அக்கா வேலைன்னா வேலைதான்’னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அதுசரி, அஞ்சு மாசம் இப்படி ஆகலையே, இப்ப மட்டும் எப்படி?

— சொன்னா வருத்தப்படக் கூடாது.

— சொல்லுங்க.

— பன்னெண்டு வருசமா எனக்கு ஒரு கணக்கு உண்டுங்க. ஃபிலிம் தெளியறதுக்கு இழுக்க ஆரம்பிச்சா டேங்க்கைக் கொட்டிப்போட்டுப் புதுசு கலக்கிருவேன். இந்த மாசம் ஃபிலிம் ரெண்டு பங்கு ஆச்சுங்களா, பத்து நாளைக்கு முன்னாடியே இழுத்துச்சு. உங்ககிட்ட வந்து கேட்டேன், ‘மாத்திப்போடட்டுமா சார்’னு. நீங்கதான், ‘டெஸ்ட்ல அருமையா இருக்கு, இன்னும் பத்து நாள் ஓடும், வீணாக்காதீங்க’ன்னு சொன்னீங்க.

— நான் அப்படிச் சொன்னேனா?

— பல்லு விளக்குன கையோட வந்து சொன்னாப்ல பளிச்சுனு சொன்னீங்க.

— உங்களுக்குத் தப்புன்னு தெரிஞ்சும் பேசாம இருந்தீங்களா?

— எம்எஸ்ஸி படிச்சவிய சொல்றீங்க. எதுத்துப் பேசினா உங்க மனசு என்ன பாடுபடும்? சரீங்கன்னு வந்துபோட்டேன்.

— நல்லா இருக்கு அக்கா. ரொம்ப நல்லா இருக்கு. நீங்க எனக்கு மரியாதை குடுத்தீங்க, நான் உங்களுக்கு மரியாதை குடுத்தேன், நாப்பத்தெட்டு ஃபிலிம் நாசமாப் போச்சு. இப்ப போய் அந்த டேங்க்ல இருந்து ஒரு கப் மோந்துட்டு வாங்க. அழுக்கோட.

— வாரேன். அதுக்குள்ள அந்தக் காபியைக் குடிச்சு முடிங்க. வெறும் வயித்துல வெசனப்பட்டா பித்தம் தலைக்கேறும்.

— சரிங்க அக்கா, குடிச்சுர்றேன். நீங்க போங்க.

— இந்தாங்க, மோந்துட்டு வந்துட்டேன். அட, அதுக்குள்ள டம்ளரே காலி! காபி மட்டும் உங்களுக்கு எத்தனை வெசனத்துலயும் எறங்கிருது.

— ம்... நல்லா இருந்துச்சுங்க. சரி, கிட்ட வாங்க. இது உங்க நல்ல பாட்டில். அயோடைடு சொட்டு விடறேன். என்ன ஆச்சு?

— ஒண்ணும் ஆகல. தெளிவாத்தான் இருக்குது.

— இது டேங்க்ல எடுத்தது. அதே சொட்டு.

— அடியாத்தீ! பால் திரிஞ்சாப்ல மஞ்சளா கட்டி கட்டியாப் போச்சு!

— குலுக்கிப் பாருங்க, கரையுதான்னு.

— கரையலைங்க. அடியிலயே உக்காந்துக்குது. இதைய மொத நாளே காட்டியிருந்தா நான் பாட்டிலே வெச்சிருக்க மாட்டனே சார்! டெஸ்ட்டுங்கறது இதுதானுங்களா?

— இதுதான். நாலு சொட்டு. கதவுக்கு அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நான்.

— இனி என்ன பண்றதுங்க? அழுதா வேலைக்காகுமா? மணி எட்டுதான ஆச்சு? சொல்லுங்க.

— பொழைக்க வெக்க வழி இருக்கு. படம் கெட்டுப்போகல, வெள்ளிதான் தங்கியிருக்கு. இத்தனை நாளும் உறைக்குள்ள இருட்டுல இருந்ததும் நல்லதாப் போச்சு. புது ஃபிக்ஸர்ல மறுபடி முக்கினா அந்த வெள்ளியெல்லாம் கரைஞ்சு வந்துரும். ஒரு தடவைக்கு எத்தனை ஃபிலிம் தொங்கவிடலாம்?

— பன்னெண்டு.

— அப்ப நாலு நடை. நடைக்குப் பத்து நிமிசம். அப்பறம் ஓடற தண்ணியில அரை மணி நேரம், அப்பறம் காய வெக்கற பெட்டி. பன்னெண்டுக்குள்ள முடிச்சிரலாம்.

— பதினொண்ணுக்கே முடிச்சுக் காட்டறேன். நீங்க உறையில இருந்து ஒண்ணொண்ணா எடுத்துக் குடுங்க. நகம் படாம எடுங்க சார், கீறல் உழுந்தா அதையும் விரிசலும்பாங்க.

— இல்லக்கா, நானும் உள்ள வர்றேன்.

— உள்ளயா? வேண்டாமுங்க, ஒரே ஈரம். வெள்ளைச் சட்டையில மருந்து தெறிச்சா கறை போகவே போகாது.

— இதையேதான் மொத நாளும் சொன்னீங்க. இன்னைக்குச் சட்டை போனாப் போகட்டும். தள்ளுங்க.

— பாத்து, பாத்து! படி இருக்குது. கழுவற தொட்டிக்கு இந்தப் பக்கமா வாங்க. சரி, செத்த மருந்தை எதுல கொட்டறது? உங்க மேசைக்குப் பக்கத்துல நீலக் கேன் இருக்குதே, அதைய எடுத்துட்டு வாங்க.

— அது வேண்டாங்க அக்கா!

— ஏனுங்க?

— அது... நெறைஞ்சிருக்கும்.

— அஃப்தாப் பாய் வெள்ளி எடுக்கறதுக்குக் கொண்டுபோய் ஒரு மாசந்தான ஆச்சு? அதுக்குள்ள எப்படி நெறையும்?

— நெறைஞ்சிருச்சுங்க. வேற கேன் எடுங்களேன்.

— என்னமோ போங்க. அந்தக் கேன் பேச்சை எடுத்தாலே எனக்கு மனசு கசக்குது. பன்னெண்டு வருசமா பழைய ஹைப்போவை அந்தப் பாய்க்குத்தான் குடுக்கறேன். நோம்பி தவறாம அவுங்க ஊட்டு பிரியாணி எனக்கு வந்துரும். போன மாசம் வந்து நிக்கறாரு, ‘அம்மா, வெள்ளி எடுக்கற மெசின்ல பிசினாட்டம் ஒட்டுது, கேன்ல வேற என்னமோ கலந்திருக்குது’ங்கறாரு. என்ற கேன்ல நான் என்னத்தக் கலப்பேன்?

— நீங்க என்ன சொன்னீங்க?

— மாசாணியாத்தா மேல சத்தியம் பண்ணி, இனி என்ற மூஞ்சியில முழிக்காதீங்கன்னு சொல்லிப்போட்டேன். அவரும் தலையைத் தொங்கப் போட்டுட்டுப் போயிட்டாரு. தெனமும் படுக்கறப்ப அந்த மொகந்தான் ஞாபகத்துக்கு வருது. சரி, அந்தக் கதை எதுக்கு இப்ப? புது மருந்து கலக்கியாச்சு, பாருங்க.

— கொஞ்சம் இருங்க. பாக்காம எறக்க வேண்டாம். கழுவாத ஃபிலிம் துண்டு ஒண்ணு போடறேன். உங்க போன்ல நேரம் பாருங்க. எப்பத் தெளியுதுன்னு சொல்லுங்க.

— ஓடுது... ஓடுது... இன்னும் மங்கல்... ஆ, தெளிஞ்சுது! ஒண்ணரை நிமிசம்.

— அருமை. எறக்குங்க.

— மொத பன்னெண்டு எறங்குது. சார், அந்தப் பதினேழாம் நம்பரை நீங்களே தொங்கவிடுங்க. உங்க கையால தெளியட்டும்.

— அக்கா, நெசமாலுமே தெளியுது! பால் மாதிரி இருந்தது போகுது பாருங்க!

— கத்தாதீங்க, மருந்து வாயில தெறிக்கும். இப்பப் புரியுதுங்களா, பன்னெண்டு வருசமா இந்த இருட்டுக்குள்ள நான் ஏன் சலிக்காம கெடக்கறேன்னு? ஒவ்வொண்ணும் தெளியறப்ப எனக்கு ஒரு சந்தோசம் வரும். யாருகிட்டச் சொன்னாலும் சிரிப்பாங்க.

— நான் சிரிக்கலைங்க. ஆறு மாசம் இதைப் பாக்காமப் போயிட்டனேன்னு இருக்கு.

— மணி பதினொண்ணு பத்து. நாலு நடையும் முடிஞ்சு, கழுவிக் காஞ்சும் போச்சு. சொன்னாப்லயே ஆச்சா?

— பத்து நிமிசம் தாமதம்.

— அடேங்கப்பா, பத்து நிமிசத்துக்கு ஒரு வட்டி! சொட்டு உட்டுப் பாருங்க சார்.

— பதினேழு. சல்ஃபைடு விட்டாச்சு. மூணு நிமிசம் பொறுங்க... கறை இல்ல. முப்பத்தொண்ணு... இல்ல. நாப்பத்தாறு... இல்ல அக்கா, இல்லவே இல்ல!

— மாசாணியாத்தா காப்பாத்திப்போட்டா!

— கழுவுனதும் சரியான்னு பாத்துட்டேன். ஒவ்வொரு நடையிலயும் கடைசியா சொட்டுன தண்ணியை இந்தக் கத்திரிப்பூக் கலர் தண்ணியில விட்டேன். ஹைப்போ மிச்சம் இருந்தா இந்தக் கலர் வெளுத்துரும். நாலு குழாய்லயும் அப்படியே நிக்குது பாருங்க. இனி ரெஜிஸ்டர் எடுங்க.

— ரெஜிஸ்டர் எதுக்குங்க?

— நடந்ததை எழுதோணுமில்ல?

— சார், ஒரு நிமிசம். ஃபிலிம் தெளிஞ்சுபோச்சு, கறையும் வரல. இன்ஸ்பெக்டரு பாப்பாரு, ஓகேம்பாரு, போயிருவாரு. லெட்டர் வாங்கி ஓலை படிங்க. எழுதிப்போட்டு ஏனுங்க வம்பை வெலைக்கு வாங்கறீங்க? என்னையத் தூக்கி மண்ணு சலிக்கற யார்டுல போட்டாலும் பரவால்லைங்க, நான் உங்களுக்காகத்தான் சொல்றேன்.

— நாளைக்குக் காலையில நான் மறுபடி கையெழுத்துப் போடோணும் அக்கா. முந்தின பக்கம் பூராப் பொய்யா இருந்தா, அடுத்த பக்கத்தை எவன் நம்புவான்? நானே நம்ப மாட்டேன்.

— அப்ப என்ற பேரையும் எழுதிப்போடுங்க. பாட்டில் குடுத்தது நான்தான.

— உங்க பேர் வராது. டெஸ்ட் பண்றவனே டேங்க்ல இருந்து எடுக்கோணும்னு மொதப் பக்கத்துலயே அச்சடிச்சிருக்கு. ஆறு மாசமா நான் இந்த ரூமுக்குள்ள கால் வெக்கல. நீங்க வேண்டாம்னீங்க, மறுத்தா உங்க மொகம் வாடிருமோன்னு நானும் சரின்னுட்டேன். தப்பு என்னுது. எழுதறேன், படிக்கறேன், கேளுங்க. ‘ஆறு மாதமாகச் சோதனைக்கான ஃபிக்ஸரை டேங்கிலிருந்து நான் நேரில் எடுக்கவில்லை. புது ஃபிக்ஸரையே சோதித்துச் சரி என்று எழுதினேன். இந்த ஆர்டரின் நாற்பத்தெட்டு ஃபிலிமும் இன்று மறுபடி ஃபிக்ஸ் செய்து, கழுவி, சோதிக்கப்பட்டன.’ போதுமா?

— கையெழுத்துப் போடறதுக்கு முந்தி உங்க ஃபெமினாவை ஒருக்கா நெனச்சுக்கங்க.

— நெனச்சுட்டுத்தான் போடறேன்.

— என்னமோ, மகராசனா இருங்க. எனக்கு அழுகையே வந்துரும் போல இருக்குது.

— அழுகாதீங்க அக்கா. போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. ஒண்ணரைக்கு இன்னும் நேரம் இருக்கு.

— சார், சார்! மணி மூணாச்சு, தேவானந்தம் சாரு வாராரு! கையில ரெஜிஸ்டர் இருக்குது!

— கிளமென்ட்! செவ்வந்தி! ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. அதாகப்பட்டது, இதை எழுதறதுக்கு முன்னாடி மேனேஜர்னு ஒருத்தன் இருக்கானேன்னு தோணலையா கிளமென்ட்?

— தோணுச்சு சார். சொன்னா எழுத விடமாட்டீங்களோன்னு பயம்.

— விட்டிருக்க மாட்டேன்தான். அந்த மனுசன் வந்தார், ஃபிலிமைத் தொடக்கூட இல்ல, நேரா ரெஜிஸ்டரை எடுத்து இந்தப் பக்கத்தை மூணு தடவை படிச்சார். எனக்கு வேர்த்துப்போச்சு. அப்பறம் இருபது ஃபிலிம்ல சொட்டு விட்டார்.

— கறை?

— ஒண்ணுலயும் இல்ல. பாஸ் போட்டுட்டார். ஆனா ஆறு மாசம் கழிச்சு இதே ஃபிலிமைத் திரும்ப வந்து பாப்பாராம். இனி டெஸ்ட் ரிசல்ட்டுக்கு ரெண்டு கையெழுத்து வேணுமாம். ஒண்ணு கிளமென்ட், இன்னொண்ணு டேங்க்கைப் பாத்துக்கற ஆள்.

— என்ற கையெழுத்துங்களா? ரெஜிஸ்டர்லயா?

— உன்னோடதுதான் செவ்வந்தி. நாளையில இருந்து நீ பாட்டில் கொண்டு வரக் கூடாது, அவன் உள்ள வந்து எடுக்கோணும். கிளமென்ட், உனக்கு நல்லா நாலு திட்டுத் திட்டோணும்னுதான் வந்தேன். சாயங்காலம் திட்டறேன். ரூமுக்கு வா, லெட்டரும் அங்கதான் இருக்கு, ரெண்டையும் ஒட்டுக்கா வாங்கிக்க.

— தேங்க்ஸ் சார்!

— அவரு போயிட்டாருங்களா? போயிட்டாரு. சார்ர்ர்! லெட்டர்! ஓலை! மாசாணியாத்தாளுக்கு மொளகாய் அரைச்சுப் பூசறேன்னு வேண்டியிருந்தேன்.

— கெடுதல் பண்ணவங்களைத் தண்டிக்கத்தான மொளகாய் அரைப்பாங்க, யார் மேல அக்கா? இன்ஸ்பெக்டர் மேலயா?

— அது எனக்கும் ஆத்தாளுக்கும் இருக்கற பேச்சுங்க. சார், நான் ஒண்ணு கேப்பேன், மாட்டேன்னு சொல்லப்படாது.

— இன்னைக்கு நீங்க எது கேட்டாலும் சரி.

— உங்க கல்யாணத்துக்கு வர்ற சனத்துக்கெல்லாம் சுக்குக் காபி என்ற கையால போடறேன். ஐநூறு பேரானாலும் சரி. ஆறு மாசமா ஒரு நாள் தவறாம, ஒரு சொட்டு மிச்சம் வெக்காமக் குடிச்சிருக்கறீங்க. அத்தனை ஆசையாக் குடிச்ச மனுசன் கல்யாணத்துல அது இல்லாட்டி நல்லாவா இருக்கும்?

— அக்கா...

— ஏனுங்க சார், காரம் பத்தாதுங்களா? மொளகு வேணும்னா இன்னும் தூக்கிப் போடறேன்.

— ரெஜிஸ்டர்ல எழுதாதது இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குங்க அக்கா.

— இன்னுமா? அதென்னங்க?

— அஃப்தாப் பாய்க்கு போன் போட்டுக் குடுங்க, நான் மன்னிப்புக் கேக்கோணும். அந்த நீலக் கேன்ல இருக்கறது ஹைப்போ மட்டும் இல்லீங்க, ஆறு மாசமா நீங்க எனக்குக் குடுத்த சுக்குக் காபி அத்தனையும் நான் அதுலதான் ஊத்திட்டு வந்தேன்.